வீழ்ச்சிக்குப் பின்வரும் கணம்: ஒற்றைப் பொத்தான் தாவல் விளையாட்டுகளும் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார ஆடல் மரபும்

ஆய்வுச்சுருக்கம்

ஒரே பொத்தானை அழுத்தித் தாவுவதன்றி வேறு செயலுக்கு இடந்தராத நிகழ்பட விளையாட்டுகள் 2009ஆம் ஆண்டுக்குப் பின் பெருகின. இவற்றின் எளிமையும் கடுமையும் பெரிதும் பேசப்பட்டுள்ளன. தோற்றவரை ஆட்டம் எவ்வாறு நடத்துகிறது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. கேனபால்ட், குரோம் உலாவியின் டைனோசர் ஆட்டம், பிளாப்பி பேர்டு ஆகியவற்றை, பெரியாழ்வார், ஆண்டாள் பாசுரங்களில் இடம்பெறும் ஆடல்களோடும், தேவதானம் உள்ளிட்ட இராசபாளைய வட்டாரத்துத் தெருக்கள் அறிந்த பாண்டியாட்டத்தோடும் இணைவைத்து நோக்குகிறது இக்கட்டுரை. வீழ்ச்சிக்கும் மறுதொடக்கத்துக்கும் இடைப்பட்ட கணமே இவ்வகை விளையாட்டின் தரத்தை உரைத்துக் காட்டும் இடம் என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: ஒற்றைப் பொத்தான் விளையாட்டு, மெய்ப்பாடு, சப்பாணி, உந்தி பறத்தல், சிற்றில், பாண்டி, தேவதானம்.

முன்னுரை

இணைய இணைப்பு அறுந்ததும் குரோம் உலாவியின் திரையில் சாம்பல் நிறச் சிறு டைனோசர் ஒன்று நிற்கும். கணினியில் இடைவெளி விசையை அழுத்தினால், அல்லது கைபேசியில் அதைத் தொட்டால், ஓடத் தொடங்கும். எதிரே கள்ளிச்செடிகள் வரும். அவற்றைத் தாவிக் கடக்க வேண்டும். நேரம் செல்லச் செல்ல ஓட்டம் விரைவுபெறும். ஒரு செடியில் மோதினால் ஆட்டம் முடியும். விசைப்பலகையில் குனிவதற்கும் ஒரு விசை உண்டெனினும், கைபேசியில் ஆடுபவர் அறிவது ஒற்றைத் தொடுகையை மட்டுமே.

செபாஸ்டியன் கேப்ரியல், ஆலன் பெட்டெஸ், எட்வர்ட் ஜங் ஆகியோர் அடங்கிய குழு 2014ஆம் ஆண்டு இதனை உருவாக்கியது. இணையம் இல்லாத நிலை வரலாற்றுக்கு முற்பட்ட காலத்துக்குத் திரும்பியது போன்றது என்னும் வேடிக்கையே டைனோசர் அங்கு வந்ததன் காரணம். 2018இல் கூகுள் நிறுவனம் வெளியிட்ட செய்தியின்படி, மாதந்தோறும் ஏறத்தாழ 27 கோடி முறை இது ஆடப்பட்டது. ஆடுவோருள் பெரும்பகுதியினர் இந்தியா, பிரேசில், மெக்சிகோ, இந்தோனேசியா போன்ற, கைபேசித் தரவு நிலையற்றதாகவோ விலைமிக்கதாகவோ இருந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்றும் அச்செய்தி கூறியது. தேடி நிறுவிக்கொண்டவர் எவருமில்லை. இணையம் தடைபட்ட இடத்தில் எல்லாம் தானே வந்து நின்றதனால் இந்தியக் கைகளில் மிகுதியாகப் புழங்கும் விளையாட்டுகளுள் ஒன்றாக அது ஆயிற்று.

பந்து, கழங்கு, அம்மானை, ஊசல் ஆகியவை பற்றித் தமிழாய்வு விரிவாகப் பேசியிருக்கிறது. கைபேசி விளையாட்டு என்று வரும்போது மட்டும் 'அடிமைப்படுத்துகிறது' என்ற ஒரு சொல்லோடு உரையாடல் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அச்சொல் பொய்யன்று. ஆயினும் ஓர் ஆட்டத்தை இன்னோர் ஆட்டத்திலிருந்து பிரித்தறிய அது உதவாது. பிரித்தறிவதற்குரிய கருவிகள் தமிழ் மரபிலேயே உள்ளன. அவற்றுள் சில ஒரே வட்டாரத்தில் கிடைக்கின்றன.

விருதுநகர் மாவட்டம் இராசபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது தேவதானம். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலால் அறியப்படும் ஊர்; சங்கரன்கோயிலை உள்ளிட்ட ஐம்பூதத் தலங்களுள் ஆகாயத் தலமாகப் போற்றப்படுவது. இதற்கு வடக்கே, ஆடலைப் பாடலாக்கிய பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய ஸ்ரீவில்லிபுத்தூர். தெற்கே, ஞா. தேவநேயப் பாவாணர் 1902இல் பிறந்த சங்கரன்கோயில். 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்னும் நூலை எழுதிய பாவாணர், இராசபாளையத்தை அடுத்த முறம்பில் இளமையில் ஆசிரியப் பணி புரிந்தவர். ஆகவே தேவதானத்தை நடுவாக வைத்து இவ்வட்டாரத்தின் ஆடல்களையும் திரையில் தாவும் டைனோசரையும் எதிரெதிரே நிறுத்திப் பார்ப்பது செயற்கையான ஒப்பீடு ஆகாது. பாண்டிக் கட்டம் வரையப்பட்ட தெருவும், இணைப்பு அறுந்த கைபேசியும் இன்று ஒரே ஊரில் உள்ளவை.

சிறுமையும் மருட்கையும்

இவ்வகை விளையாட்டுகளின் அழகியலை நிலைநிறுத்தியது கேனபால்ட். ஆடம் சால்ட்ஸ்மன் 2009ஆம் ஆண்டு இதனை ஐந்தே நாளில் உருவாக்கினார். இசை டேனி பாரனோவ்ஸ்கி. இயன்றவரை குறைவானவற்றைக் கொண்டு ஒரு விளையாட்டைச் செய்க என்னும் அறைகூவலுக்கு விடையாகப் பிறந்தது அது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012 நவம்பரில் தன் தொகுப்பில் முதன்முதலாகச் சேர்த்ததாக அறிவித்த 14 நிகழ்பட விளையாட்டுகளுள் அதுவும் ஒன்று.

சாம்பல் நிறங்களால் ஆன நகரம். பெயரில்லாத ஒருவன் சாளரத்தை உடைத்துக்கொண்டு கூரைகளின் மேல் ஓடுகிறான். பின்னணியில் நகரம் அழிந்துகொண்டிருக்கிறது. பேருருவ எந்திரங்கள் தொலைவில் நடக்கின்றன. எதனிடமிருந்து தப்புகிறான், எங்கே போகிறான் என்பவை சொல்லப்படுவதில்லை. ஓட்டம் தானே நிகழ்வது. ஆடுபவர் செய்யக்கூடியது தாவல் மட்டுமே. ஆனால் அந்த ஒன்றுக்குள் அளவுகள் பல. பொத்தானைச் சற்றே தொட்டால் சிறு தாவல். அழுத்திப் பிடித்தால் நெடுந்தாவல். கூரையின் விளிம்பு, அடுத்த கட்டடத்தின் உயரம், அப்போதைய விரைவு மூன்றையும் கணித்து விரல் எப்போது அழுத்துவது, எப்போது விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரே மெய்யெழுத்து உயிரேறுந்தோறும் மாத்திரை வேறுபடுவதைப் பயின்ற தமிழ் மாணவர்க்கு இது வியப்பளிக்காது: செயல் ஒன்று, கால அளவு வேறு.

இதனினும் நுட்பமான ஒன்று உண்டு. கூரைகளில் பெட்டிகள் கிடக்கும். அவற்றில் இடறினால் ஓட்டம் தளரும். முதலில் ஆடுபவர்க்கு இது தண்டனையாகத் தோன்றும். பழகியவரோ விரைவு கட்டுமீறும்போது வேண்டுமென்றே இடறிக்கொள்வர். தளர்ந்த நடையே அடுத்த தாவலைக் கணிக்க நேரம் தருகிறது. விழுதலுக்கும் வெல்லுதலுக்கும் இடையில் 'இடறல்' என்னும் மூன்றாம் நிலையைக் கேனபால்ட் வைத்திருக்கிறது. அதைப் பின்பற்றி வந்த பலவற்றில் காணப்படாத இவ்விடறலே அவ்விளையாட்டின் உயர்வுக்கு முதற்காரணம் என்று கருத இடமுண்டு. அருங்காட்சியகத்தின் ஏற்பு அதற்கு அடுத்ததே.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகைக்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டை ஒன்றாக வைக்கிறது. திறனாய்வாளர் வழக்கமாக நிறுத்திக்கொள்ளும் இடம் அதுவே. ஆனால் மருட்கைக்குரிய நான்கனுள் பெருமையோடு சிறுமையையும் அந்நூல் எண்ணுகிறது. பேருருவைக் கண்டு வியப்பது எவர்க்கும் இயல்பு. நுண்ணியதைக் கண்டு வியப்பதற்குக் கூர்ந்த நோக்கு வேண்டும். பெருஞ்செலவில் உருவாகும் விளையாட்டுகள் மலையும் கடலும் படையும் காட்டிப் பெருமைவழி மருட்கையை நாடுகின்றன. ஒற்றைப் பொத்தான் விளையாட்டு நாடுவது சிறுமைவழி மருட்கையை. 'இவ்வளவு சிறிய ஒன்று இத்தனை கடினமாக இருப்பது எவ்வாறு?' என்னும் வினாவில் அவ்வியப்பு பிறக்கிறது.

கடுமைக்கும் இங்கேதான் விளக்கம் கிடைக்கிறது. தோல்வியை வெறுக்கும் மனிதர், தோல்வி உறுதியாக உள்ள விளையாட்டுகளை விரும்பித் தேடுவது ஏன் என்னும் முரணை எஸ்பர் யூல் 2013இல் வெளிவந்த 'தி ஆர்ட் ஆஃப் ஃபெயிலியர்' நூலில் ஆராய்ந்தார். ஒற்றைப் பொத்தான் விளையாட்டு அம்முரணை மிகக் கூர்மையாக்குகிறது. பல பொத்தான்கள் உள்ள இடத்தில் தோற்றவர் கருவியைக் குறை சொல்லலாம், கட்டுப்பாட்டின் சிக்கலைக் குறை சொல்லலாம். இங்கே சாக்கு எதுவும் இல்லை. முன்பே அழுத்தினார் அல்லது பிந்தி அழுத்தினார், அவ்வளவே. வீழ்ச்சி முழுமையாக ஆடியவருடையது. அதனாலேயே தன் பேதைமையைக் கண்டு தானே நகைக்கவும், உடனே மீண்டும் முயலவும் முடிகிறது. நகையும் வெகுளியும் மருட்கையும் சில நொடிகளுக்குள் மாறி மாறித் தோன்றும் இந்த ஓட்டத்தை அடிமைத்தனம் என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட முடியாது.

எனினும், பிழை முழுவதும் ஆடியவருடையது என்னும் இவ்வொப்பந்தம் நியாயமானதா?

உந்தியும் சப்பாணியும் சிற்றிலும்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாசுரங்களில் இவ்வினாவுக்குத் தொடர்புடைய ஆடல்கள் மூன்று உள்ளன.

முதலாவது, சப்பாணி. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் நான்காவதான இதற்குப் பெரியாழ்வார் திருமொழியில் ஒரு பதிகமே உண்டு. நடக்கவும் பேசவும் அறியாத குழந்தை உட்கார்ந்த நிலையில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுகிறது. மனிதர் ஆடும் முதல் ஒற்றைச் செயல் விளையாட்டு இது எனலாம். கொட்டு என்று தாய் வேண்டுகிறாள். குழந்தை எப்போது கொட்டினாலும் அது சரியே. காலந்தவறிய சப்பாணி என்று ஒன்றில்லை. குழந்தையின் கைக்கு ஏற்பத் தாயின் பாட்டு வளைந்துகொடுக்கும்.

இரண்டாவது, உந்தி பறத்தல். மாணிக்கவாசகரின் திருவுந்தியாரிலும் பெரியாழ்வார் திருமொழியிலும் காணப்படும் இம்மகளிர் ஆட்டத்தின் முறை குறித்து வேறுபட்ட விளக்கங்கள் இருப்பினும், பாடிக்கொண்டே எழும்பிக் குதித்தாடுவது என்பது பரவலாக ஏற்கப்பட்ட பொருள். பெரியாழ்வாரின் பதிகத்தில் கண்ணன் புகழும் இராமன் புகழும் மாறி மாறி வருவதால் இரு தரப்பு மகளிர் எதிரெதிர் நின்று ஆடுவதாகக் கொள்வர். இங்கே தாவலின் காலத்தை வரையறுப்பது பாட்டு. டைனோசர் ஆட்டத்தில் அதை வரையறுப்பது கள்ளிச்செடி. ஒன்றில் தாவல் இசைவு, மற்றதில் தப்பித்தல். இவ்விரண்டையும் இணைக்க முயன்றவையும் உள. 2009இல் வந்த தி இம்பாசிபிள் கேமும், சுவீடனைச் சேர்ந்த ராபர்ட் டோபாலாவின் ஜியோமெட்ரி டேஷும் (2013) ஒற்றைத் தொடுகைத் தாவலை இசையோடு பிணைத்தவை. தடைகள் இசையின் அடிக்கேற்ப வருவதால், கண் தவறினாலும் காது காப்பாற்றும். உந்தி பறத்தலுக்கு மிக அருகில் நிற்கும் திரை ஆட்டங்கள் இவையே. ஆயினும் தவறிய பெண்ணை உந்தியாட்டம் தொடக்கத்துக்குத் திருப்பி அனுப்புவதில்லை. ஜியோமெட்ரி டேஷ் அனுப்புகிறது. இது எத்தனையாவது முயற்சி என்ற எண்ணையும் திரையில் பொறித்துக் காட்டுகிறது.

மூன்றாவது, சிற்றில். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுவதும் இது பற்றியது. முதுகு நோவக் குனிந்து மணலில் வீடு கட்டிய சிறுமியர், அதைச் சிதைக்க வரும் கண்ணனிடம் வேண்டுகின்றனர், சினக்கின்றனர், வாதிடுகின்றனர். கட்டியதெல்லாம் நொடியில் அழிவதும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதும் ஒற்றைப் பொத்தான் விளையாட்டின் அடிப்படை அனுபவம். ஆண்டாள் அதை நன்கறிந்தவர். ஆனால் அவருடைய சிறுமியர் அழிவை வாயடைத்து ஏற்பதில்லை. அழிப்பவன் எதிரில் நிற்கிறான், அவனோடு பேசலாம். பதிகமே அப்பேச்சால் ஆனது. கள்ளிச்செடியோடு எவரும் பேசுவதற்கில்லை.

மூன்று ஆடல்களையும் சேர்த்து நோக்கினால் ஒன்று புலனாகிறது. செயல் சுருங்கியிருப்பது அவற்றுக்கும் திரை ஆட்டத்துக்கும் பொது. வேறுபடுவது தவறின் இடம். சப்பாணியில் தவறே இல்லை. உந்தியில் தவறு பாட்டில் கரைகிறது. சிற்றிலில் அழிவு வழக்காடலாகிறது. திரை ஆட்டத்தில் மட்டும் அது தீர்ப்பாக இறங்குகிறது.

ஒப்புக்குச் சப்பாணி

இலக்கியத்தை விட்டுத் தெருவுக்கு வந்தால் பாண்டி. தரையில் கட்டங்கள் கீறி, ஓட்டுச் சில்லை எறிந்து, ஒற்றைக் காலால் தாவி, கோட்டை மிதிக்காமல் மீள வேண்டும். வட்டாரந்தோறும் பெயரும் கட்ட எண்ணிக்கையும் மாறும். ஒரு கால், ஒரு தாவல், மிதிக்கலாகாத ஒரு கோடு: திரையில் உள்ள அனைத்தும் இங்கே உள்ளன. கண்ணை மூடியோ வானத்தை நோக்கியோ கட்டங்களைக் கடக்கும் நிலையில் ஆடுபவள் ஒவ்வோர் அடிக்கும் 'சரியா?' என்று கேட்பாள். கோட்டை மிதித்தாளா இல்லையா என்பதைச் சூழ்ந்து நிற்கும் தோழியரே சொல்வர். அவர்கள் சொல்வது எப்போதும் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. சண்டை வரும், 'அழுகுணி ஆட்டம்' என்ற குற்றச்சாட்டு எழும். விதி தரையில் கீறப்பட்டிருந்தாலும் அதை நிறைவேற்றுவது குரல்.

பாவாணர் தம் நூலில் விளையாட்டுகளை ஆண்பால், பெண்பால், இருபால் எனவும் பகலாட்டு, இரவாட்டு எனவும் பகுத்தார். யார் ஆடுகிறார், எப்போது ஆடுகிறார் என்பவையே அவர்க்கு முதன்மை. கருவியும் விதியும் அதன் பின்னரே. அப்பகுப்பு இன்று பழையதாகத் தோன்றலாம். ஆனால் ஆட்டம் என்பது ஆடுவோரின் கூட்டம் என்னும் எண்ணம் அதற்குள் அடங்கியிருக்கிறது. கைபேசி விளையாட்டுகளை வகைப்படுத்தும் கடைப் பட்டியல்கள் கைவிட்டது அவ்வெண்ணத்தைத்தான்.

அக்கூட்டம் கண்டுபிடித்த ஏற்பாடுகளுள் தலையாயது 'ஒப்புக்குச் சப்பாணி'. 'உப்புக்குச் சப்பாணி' என்றும் வழங்கும். மிகச் சிறிய குழந்தை, ஓட இயலாதவர், விதி புரியாதவர் ஆகியோரும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படுவர்; ஆனால் அவர்தம் தவறு கணக்கில் வராது. அவரைத் தொட்டாலும் அவர் வெளியேறுவதில்லை. இங்கே சப்பாணி என்பது கைகொட்டலைக் குறிக்கவில்லை. கால் முடங்கியவரைக் குறிக்கிறது. ஒரே சொல்லின் இரு பொருள்களும் இக்கட்டுரையின் பொருளோடு பொருந்துவது தற்செயல். அச்சொல்லில் இழிவு இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. உடற்குறையைப் பெயராக்கி, 'உன்னைக் கணக்கில் கொள்ளவில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்லும் வழக்கு அது. ஆயினும் அவ்வழக்கு ஓரிடத்தை உண்டாக்கிக் கொடுத்தது. ஆடத் தெரியாதவர் ஆட்டத்துக்கு வெளியே நிற்கவில்லை.

ஒற்றைப் பொத்தான் விளையாட்டு இந்த இடத்தில் விந்தையான இரட்டைத்தன்மை கொண்டது. ஒரு விரலையோ தலையசைவையோ மட்டும் பயன்படுத்தக்கூடிய உடற்குறையுடையோர்க்கு ஒற்றை விசையால் இயங்கும் விளையாட்டுகள் உண்மையான வாயில்கள். பத்துப் பொத்தான்கள் கொண்ட கைக்கருவி அவர்களை முதலிலேயே வெளியேற்றிவிடும். ஒற்றை விசை உள்ளே விடுகிறது. உள்ளே விட்ட அடுத்த கணமே கால அளவின் கடுமையால் அதே விளையாட்டு அவர்களைத் தள்ளியும் விடுகிறது. கதவு அகலம், படி உயரம். எளிமை என்னும் சொல்லால் இவ்வகை விளையாட்டுகளைப் புகழ்வோர் பெரும்பாலும் கதவை மட்டுமே பார்க்கின்றனர்.

டைனோசர் ஆட்டத்தில் பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட ஒரு சிறு மாற்றம் இதனால் கவனத்துக்குரியது. தடை நெருங்குவதை உணர்த்தும் ஒலிக்குறிப்பும், மெதுவாகத் தொடங்கும் தெரிவும் அதற்குள் இடம்பெற்றன. பார்வைக் குறையுடையோரை எண்ணிச் செய்யப்பட்டது இது. அவமதிப்புச் சொல் இல்லாத ஒப்புக்குச் சப்பாணி என்று இதைக் கூறலாம். கடுமை குறைந்தால் விளையாட்டின் மதிப்பும் குறையும் என்று வாதிடுவோர் உளர். பாண்டியில் சிறுமிக்கு இரண்டு கால் ஊன்ற இசைவு தந்ததனால் ஏனையோரின் ஒற்றைக்கால் தாவல் மதிப்பிழந்ததா என்று அவர்களைக் கேட்கலாம்.

யாருடைய பிழை?

கள்ளிச்செடியில் மோதுவது ஆடியவர் பிழை. இணைப்பு அறுந்தது? டைனோசர் ஆட்டத்தின் ஆழ்ந்த முரண் இது. ஆடுபவர் காரணமாகாத ஓர் இன்மையில் தொடங்கி, முற்றிலும் ஆடுபவரே காரணமான ஒரு வீழ்ச்சியில் அது முடிகிறது. கோபுரம் எட்டாத மலையடிவாரம், தீர்ந்துபோன தரவு, பழுதுபட்ட கம்பி, அரசாணை ஆகிய எதுவாயினும் திரை ஒரே முகத்தைக் காட்டுகிறது. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததைத் தொடர்ந்து, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. இணையமின்மைக்கு உலாவி காட்டும் பக்கம் அந்நாள்களுக்கென வேறாக இருக்கவில்லை. இணைப்பு இல்லை என்ற செய்தியும், ஓடக் காத்திருக்கும் விலங்கும்தாம். எழுவாய் இல்லாத வாக்கியம் அது: நிறுத்தியவர் எவரும் அதில் இல்லை.

இதற்காக மூவர் வடிவமைத்த ஒரு வேடிக்கையைக் குற்றக்கூண்டில் நிறுத்துவது மிகை. அவர்கள் காத்திருப்பின் சலிப்பைத் தணிக்க விரும்பினர், தணித்தனர். ஆனால் திறனாய்வு, ஆட்டம் எதை மறைக்கிறது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டது. கவனம் முழுவதும் அடுத்த செடியில் குவியும்போது, ஏன் காத்திருக்கிறோம் என்னும் வினா தளர்கிறது. இன்னொன்றும் உண்டு. மோதாமலே இவ்வாட்டம் முடியும் வழி ஒன்றே: இணைப்பு மீண்டு, பக்கம் தானே புதுப்பிக்கப்பட்டு, ஓடிக்கொண்டிருந்த விலங்கு மறைந்துபோவது. வேண்டியது வந்துசேர்ந்த அக்கணத்தில் 'ஐயோ' என்று ஆடுபவர் வருந்தினால், அதை நகை என்பதா இளிவரல் என்பதா என்று மெய்ப்பாட்டியல் பயின்றவர் தயங்கவே நேரும்.

விற்கப்படும் கணம்

வீழ்ச்சிக்கும் மறுதொடக்கத்துக்கும் இடைப்பட்ட கணத்தைக் கேனபால்ட் ஒரு வாக்கியத்தால் நிரப்புகிறது. எத்தனை மீட்டர் ஓடினார், எவ்வாறு இறந்தார் என்று அது உரைக்கும். சுவரில் மோதியா, பள்ளத்தில் விழுந்தா என்பதைப் பிரித்துச் சொல்லும். நடுகற்களில் வீரன் வீழ்ந்த காரணத்தைப் பொறித்த சுருக்கமான தொடர்களை இது நினைவூட்டுகிறது. பெயர் மட்டும் இல்லை. அவ்வாக்கியம் தோற்றவரை ஏளனம் செய்வதில்லை, தேற்றுவதுமில்லை. நடந்ததை நடந்தவாறு சொல்லி, மீண்டும் ஓட விடுகிறது. மதிப்போடு நடத்துதல் என்பது இதுவே.

பிளாப்பி பேர்டின் வரலாறு வேறு. ஹனோயைச் சேர்ந்த டாங் ஙுயென் 2013 மே மாதம் வெளியிட்ட இவ்விளையாட்டில், திரையைத் தொடுந்தோறும் ஒரு பறவை சிறகடித்து எழும்; குழாய்களின் இடைவெளியில் அதைச் செலுத்த வேண்டும். தாவல் மேடைகள் இல்லாவிடினும் ஒற்றைத் தொடுகை, உடனடி மரணம் ஆகியவற்றால் இது அதே குடும்பத்தது. பல மாதங்கள் கேட்பாரற்றுக் கிடந்து, 2014 சனவரியில் உலகெங்கும் முதலிடத்துக்கு ஏறியது. நாளொன்றுக்கு 50,000 டாலர் விளம்பர வருவாய் வந்ததாகச் செய்திகள் கூறின. 2014 பிப்ரவரியில் ஙுயென் அதைக் கடைகளிலிருந்து நீக்கிவிட்டார். ஓய்வு நேரத்தில் சில நிமிடங்கள் ஆடுவதற்கென்று செய்தது அடிமைப்படுத்தும் பொருளாகிவிட்டது என்பது அவர் தந்த காரணம். தான் செய்த ஆட்டத்துக்குத் தானே பொறுப்பேற்றுப் பெருவருவாயைத் துறந்த படைப்பாளர் இத்துறையில் அரியர். அவர் விலகிய வெற்றிடத்தைப் போலிகள் சில நாள்களில் நிரப்பின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதன்பின் வந்த வணிகம் வீழ்ச்சியின் கணத்தையே சரக்காக்கிக்கொண்டது. இலவசமாகக் கிடைக்கும் பல ஓட்ட விளையாட்டுகளில் விழுந்தவுடன் ஒரு கேள்வி தோன்றுகிறது: விளம்பரம் ஒன்றைப் பார்த்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், பார்க்கிறீர்களா? பல பொத்தான் குடும்பத்துக்கு நெருங்கிய உறவான டெம்பிள் ரன் 2 (2013) விளையாட்டில் மாணிக்கக் கற்களும், சப்வே சர்ஃபர்ஸ் (2012) விளையாட்டில் சாவிகளும் உயிர்மீட்கும் நாணயங்கள். அவற்றைப் பணத்துக்கும் வாங்கலாம். முதல் பார்வையில் இது இரக்கம் போலத் தோன்றும். ஒப்புக்குச் சப்பாணிக்குத் தந்த சலுகையைத்தானே இதுவும் தருகிறது என்று கேட்கலாம். வேறுபாடு பெரிது. சடுகுடுவில் வெளியேறியவன் மீண்டும் உயிர்பெறுவது, தோழன் ஒருவன் எதிர்க்களத்துள் புகுந்து தொட்டு மீள்வதால். சப்பாணிக்கு உயிர் தருவது கூட்டத்தின் இசைவு. இங்கே உயிரைத் தருவது கடை. அதுமட்டுமன்று: உயிரை விற்பவர் அது அடிக்கடி போவதையும் விரும்புவார். பிழை முழுவதும் ஆடியவருடையது என்னும் பழைய ஒப்பந்தத்தின் நேர்மை அந்நொடியில் கெடுகிறது. கள்ளிச்செடி ஏன் இத்தனை நெருக்கமாக வந்தது என்று ஐயுற இனி ஆடுபவர்க்குக் காரணம் உண்டு.

இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால், கேனபால்ட்டும் டைனோசர் ஆட்டமும் கடுமையில் குறைந்தவை அல்ல எனினும் நேர்மையில் உயர்ந்தவை. வீழ்ந்தவரிடம் அவை எதுவும் கேட்பதில்லை. டைனோசர் ஆட்டத்தில் விளம்பரமில்லை, கணக்கில்லை, வாங்குவதற்கு ஒன்றுமில்லை; மீண்டும் தொடங்கும் குறி ஒன்றும், அதுவரை பெற்ற உயர்ந்த எண்ணும் மட்டுமே திரையில் நிற்கும். அவ்வெண்ணின் கீழ் ஆடியவர் பெயர்கூட இராது.

பெயர் இல்லாததன் விளைவு ஒன்று இங்கே குறிக்கத்தக்கது. தனியொருவர்க்கென்று செய்யப்பட்ட இவ்வாட்டம், வீட்டுக்கு ஒரு கைபேசி உள்ள இடங்களில் கூட்டாட்டமாக மாறிவிடுகிறது. திண்ணையில் நால்வர் நெருங்கி அமர்ந்திருக்க, ஒருவர் கையில் கைபேசி. மோதியவுடன் அது அடுத்த கைக்குச் செல்ல வேண்டும் என்பது எந்த வடிவமைப்பாளரும் எழுதாத விதி. தொடுவதற்குள் தட்டிவிட்டான், திரை நின்றுபோயிற்று, இது கணக்கில்லை என்று வழக்குகள் எழும்; சூழ்ந்திருப்போர் தீர்ப்புச் சொல்வர். எல்லோரினும் இளையவனுக்கு மட்டும் இரண்டு முறை உண்டு.